ஊட்னடாட்டா பாதையில் பதினோரு நாள் சைக்கிள்: அந்த நாலாம் நாள் பற்றி

செம்மண்_சக்கரம் (அடிலெய்ட்)

போன ஜூலையில் ஊட்னடாட்டா பாதையை முடித்துவிட்டு வந்தோம். எழுதுகிறேன் என்று சொல்லியே பல மாதம் ஓடிவிட்டது. தெரியாதவர்களுக்கு: தெற்கு ஆஸ்திரேலியாவில் மர்ரீ என்ற ஊரில் தொடங்கி மார்லாவில் முடியும் மண் பாதை. கிட்டத்தட்ட 620 கிலோமீட்டர். நடுவில் ஊர் என்று சொல்லத்தக்கவை இரண்டுதான், வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா. வில்லியம் க்ரீக்கை ஊர் என்றால் அங்கே இருப்பவர்களே சிரிப்பார்கள். ஒரு ஓட்டல், சில வீடுகள், விமானம் இறங்க ஒரு ஓடுதளம்.

ஏழு பேர் சைக்கிளில். எட்டாவது ஆள் பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி வைத்த வண்டியில், இந்த ஊரில் 'யூட்' என்பார்கள். தண்ணீர் 20 லிட்டர் கேன்கள் ஆறு, சமையல் சாமான், கூடாரம் எல்லாம் அதில். வயது முப்பதிலிருந்து ஐம்பத்தெட்டு வரை. ஐம்பத்தெட்டுக்காரர் எங்கள் எல்லோருக்கும் 'மாமா'. பதினோரு நாளில் ஒரு நாள் சக்கரமே சுழலவில்லை. மழை பெய்து பாதையை மூடிவிட்டார்கள், ஊட்னடாட்டாவில் இளஞ்சிவப்பு ரோட்ஹவுஸின் வாசலில் உட்கார்ந்து சீட்டாடினோம்.

வெயில் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவாகியிருக்கிறது, அது உண்மை. ஆனால் கோடையில் யாரும் அங்கே சைக்கிள் ஓட்டுவதில்லை. ஜூலையில் பகலில் இருபது டிகிரி. விடியற்காலையில் கூடாரத்தின் உள்பக்கம் விரலால் தட்டினால் பனித்துளி கழுத்தில் விழும். இரண்டு கம்பளி கொண்டுபோயும் மாமா மூன்றாவதைத் தேடினார்.

முதல் நாள் நாய் வேலியைக் கடந்தோம். 5,600 கிலோமீட்டர் நீளம், டிங்கோ என்ற காட்டு நாய்கள் ஆட்டுப் பண்ணைப் பக்கம் வராமல் தடுக்க. அதைத் தாண்டினால் ஆடு கிடையாது, மாடுதான். சாயங்காலம் இரண்டு விமானங்களை வாலை மண்ணில் ஊன்றி நிற்க வைத்த ஒரு சிற்பத் தோட்டம். நமக்குத்தான் மண்டை குழம்பிவிட்டதோ என்று நினைத்தேன். இரண்டாம் நாள் கர்டிமர்க்காவில் பழைய ரயில் நிலையக் கட்டடத்தின் அருகே படுத்தோம். மூன்றாம் நாள் கவர்ட் ஸ்பிரிங்ஸ், முப்பது கிலோமீட்டர்தான். அங்கே ஊற்றுநீர்த் தொட்டி ஒன்று, வெதுவெதுப்பாக. பக்கத்தில் பேரீச்ச மரங்கள். புட்டத்தில் கொப்புளம் போட்டிருந்தவர்கள் அந்தத் தொட்டியை விட்டு எழவே மறுத்தார்கள். அதுவரை எல்லாம் கல்யாண வீடு மாதிரிதான்.

நாலாம் நாள் கெட்டது. அங்கிருந்து வில்லியம் க்ரீக் எழுபதுக்கு மேல். பின்காற்று வரும் என்று நம்பித்தான் தென்கிழக்கிலிருந்து வடமேற்காகத் திட்டம் போட்டிருந்தோம். ஆனால் மேற்கிலிருந்து ஒரு குளிர்முகப்பு வந்துகொண்டிருந்தது. அப்படி ஒன்று வருவதற்கு முன்னால் இந்தப் பக்கம் காற்று வடக்குக்குத் திரும்பும். விடிந்ததிலிருந்தே நேர் முகத்தில் அடித்தது. மறைவுக்கு ஒரு மரம் இல்லை, ஒரு மேடு இல்லை. மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் போனால் அதிகம். இத்தனைக்கும் முந்தின நாள் வழியில் பார்த்த உப்பேரி கட்டி தண்டா, அதுதான் லேக் ஏர். அதன் வடபாகத்தில்தான் 1964இல் டொனால்ட் கேம்பெல் காரில் மணிக்கு 648 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை செய்தார். நமக்கு ஒன்பது.

எங்களில் மூன்று பேர் நல்ல ஓட்டக்காரர்கள். ஒருவர் பின் ஒருவராகக் காற்றை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான், மாமா, ஒரு பள்ளி ஆசிரியை, மூவரும் பின்னால். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒருவர். வண்டியும் முன்னால் போய்விட்டது. சுமார் 22ஆவது கிலோமீட்டரில் மாமாவின் பின்டயரின் பக்கச்சுவரைக் கல் கிழித்தது. ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றியிருந்த சீலன்ட் திரவம் நுரைத்து நுரைத்து வெளியே கொட்டியது. ட்யூப் போட்டோம், ஐந்து நிமிடத்தில் அதுவும் போனது. டயரின் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் நெருஞ்சி முள். நம்ம ஊர் நெருஞ்சியேதான், செடிப் பெயர்கூட ஒன்றே! ஏழு முள் எடுத்தேன். அதற்குள் ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து மிச்சம் ஒரு பாட்டில் தண்ணீர்.

கேரவனில் வந்த ஒரு வயதான தம்பதி நிறுத்தி ஐந்து லிட்டர் கொடுத்துவிட்டு, முன்னால் போய் எங்கள் வண்டியிடம் சொன்னார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் இன்று இதை எழுத முடிகிறது என்றெல்லாம் சொல்லமாட்டேன், அவ்வளவு மோசமில்லை. ஆனால் மாமா அன்று ராத்திரி ஒரு வார்த்தை பேசவில்லை.

என் கேள்வி: குழு என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டு, வேகமானவர்கள் இப்படி விட்டுப் போவது நியாயமா? எங்கள் குழுவில் அதற்குப் பிறகு மெதுவாக ஓட்டுபவர் முன்னால், வண்டி கடைசியில் என்று மாற்றினோம், சரியாகிவிட்டது. மற்ற குழுக்களில் எப்படி?

கோவை_பெடல்

அருமை அண்ணா. நாங்கள் வால்பாறை ஏறும்போது மேலே போய் டீக்கடையில் காத்திருப்பார்கள். அங்கே டீக்கடை இல்லை என்பதுதான் பிரச்சினை போல. :) இரண்டு சந்தேகம். என்ன டயர்? ரோடு எவ்வளவு மோசம்? வீடியோவில் பார்த்தால் தார் ரோடு மாதிரி வழவழ என்று இருக்கிறதே.

செம்மண்_சக்கரம்

தம்பி, வீடியோ எடுத்தவன் கார் ஓட்டியிருப்பான். அல்லது பாதையைச் சமன்செய்யும் கிரேடர் ஓடிய மறுநாள் போயிருப்பான்.

அந்தப் பாதையில் மேடுபள்ளம் பிரச்சினை இல்லை. தகரக் கூரையைப் படுக்க வைத்தது மாதிரி குறுக்கே குறுக்கே சிறு அலைகள். ஓடுகிற சக்கரங்களே மண்ணைத் தள்ளித் தள்ளி அப்படி ஆக்கிவிடுகின்றன. காரில் எண்பதில் போனால் அலையின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு பறந்துவிடலாம். சைக்கிளுக்கு அந்த வசதி இல்லை, ஒவ்வொரு அலைக்கும் இறங்கி ஏற வேண்டும். அரை மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துவிடும். பாட்டில் கூண்டின் திருகு மூன்று எங்கே விழுந்ததென்றே தெரியாது. பையில் வைத்திருந்த கடலைமிட்டாய் பொடியாகிவிட்டது, நாலு தக்காளி தானாகவே சட்னி. நல்ல தடம் தேடி இடது ஓரம், வலது ஓரம், நடு என்று பாம்பு மாதிரி போவோம், வண்டி வரும் சத்தம் கேட்டால் அவரவர் பக்கம் ஓடுவோம். மாட்டு லாரி வந்தால் முழுசாக இறங்கிக் காற்று வரும் பக்கமாகப் போய் நிற்க வேண்டும். மறுபக்கம் நின்றால் இரண்டு நிமிடம் கண் தெரியாது.

டயர் 29 அங்குலம், அகலம் 2.4, ட்யூப்லெஸ். சக்கரத்தில் காற்றை எவ்வளவு குறைக்க மனம் வருகிறதோ, அதற்கும் கொஞ்சம் கீழே. பக்கச்சுவர் கெட்டியான ரகம் வாங்குங்கள், எடையைப் பார்க்காதீர்கள். மாமா எடை பார்த்து வாங்கினார்.

மழை பெய்தால் வேறு கதை. களிமண் டயரில் சுற்றி, ஃபோர்க்கில் அடைத்து, சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிடும். குச்சியால் சுரண்டி பத்தடி தள்ளினால் மறுபடி அதேதான். 'பாதை மூடப்பட்டது' என்று பலகை வைத்தபின் வண்டி ஓட்டினால் அபராதம், தடம் பதிந்து காய்ந்துவிட்டால் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

வடக்குவாசல் (மெல்பேர்ண்)

நல்ல பதிவு. ஒரு விஷயம் சேர்க்கலாமா? அந்தப் பாதை ஏன் அங்கே போகிறது என்று யோசித்தீர்களா? வரைபடத்தில் பார்த்தால் காரணமே இல்லாமல் வளைந்து போகும்.

காரணம் தண்ணீர். கீழே பெரும் ஆர்ட்டீசியன் படுகை என்ற நிலத்தடி நீர்த்தேக்கம், 17 லட்சம் சதுர கிலோமீட்டர், கண்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதன் தென்மேற்கு விளிம்பில் அந்த நீர் தானாகவே மேலே வந்து ஊற்றாகிறது. ஊற்றுகள் ஒரு கோடு மாதிரி வரிசையாக இருக்கின்றன. அந்தப் பகுதியின் பழங்குடிகளான அரபனா மக்கள் அந்தக் கோட்டில்தான் காலங்காலமாக நடந்தார்கள், பண்டமாற்று செய்தார்கள். ஆய்வுப் பயணி ஜான் மெக்டொவல் ஸ்டூவர்ட் 1862இல் கண்டத்தைக் கடந்து வடகரையைத் தொட்டதும் இந்த ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டுதான். அவர் போன தடத்தை ஒட்டி 1872இல் டார்வின் வரை தந்திக் கம்பி. நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டும், அதனால் ரயிலும் அதே வழி. 1891இல் ஊட்னடாட்டா, 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். அந்தப் பழைய 'கான்' ரயில் பாதையை 1980இல் மூடிவிட்டார்கள். அந்தக் காலத்தில் இங்கே சரக்கு ஏற்றிப் போன ஒட்டகக்காரர்கள் நினைவாக வந்த பெயர். எல்லோரையும் 'ஆப்கான்' என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இன்றைய பாகிஸ்தான், வட இந்தியப் பகுதிகளிலிருந்து வந்தவர்களும் அவர்களில் நிறைய. மர்ரீயில் அவர்கள் தொழுத சின்ன மசூதியின் மாதிரியைப் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் ஓட்டியது ஒரு தண்ணீர்ப் பாதை. அதில் தண்ணீர் இல்லாமல் நின்றீர்கள் என்பதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, மன்னிக்க வேணும்.

இன்னொன்று. அந்த வழியில் நீங்கள் முதல் சைக்கிள்காரர் இல்லை. 1897இல் ஜெரோம் மியூரிஃப் என்பவர் அடிலெய்டிலிருந்து டார்வின் வரை தந்திக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சைக்கிளில் போனார். தனியாக. பைஜாமா போட்டுக்கொண்டு. வண்டியும் இல்லை, குழுவும் இல்லை, சண்டையும் இல்லை.

செம்மண்_சக்கரம்

ஐயா, பைஜாமா செய்தி மாமாவுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த தடவை அதுதானாம்.

கவர்ட் ஸ்பிரிங்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு ஊற்றுகளைப் பார்த்தோம். ஒன்று மேட்டின் தலையில் வட்டமாக, கிண்ணம் வைத்தது போல. மற்றதில் அடியில் மணல் கொதிப்பது மாதிரி குமிழ் குமிழாக எழும், பெரிதாக ஒன்று வரப்போகிறது என்று தோன்றும்போது அடங்கும், மறுபடி எழும். சுற்றிலும் உப்பு பூத்த வெட்டவெளி. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பயணத்தில் யாரும் படம் எடுக்க மறந்த ஒரே இடம் அது.

மூணாவது_கியர்

வணக்கம் அண்ணே. அந்த 'விட்டுப் போன' மூன்று பேரில் ஒருவன். இந்த இழையை நேற்றுத்தான் பார்த்தேன். சொல்லியிருக்கலாம்.

மூன்று விஷயம் விட்டுப்போயிருக்கிறது. நாற்பதாவது கிலோமீட்டரில் மதியச் சாப்பாடு என்று காலையில் எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். அங்கே ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். காற்றில் நிற்பது ஓட்டுவதைவிடக் கொடுமை, வியர்வை காய்ந்து நடுங்கிவிட்டோம். ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம், பதில் இல்லை.

அடுத்தது, 'மெதுவாக ஓட்டுபவர் முன்னால், சரியாகிவிட்டது.' சரியாகவில்லை அண்ணே. ஒன்றரை நாள் தாங்கியது. என் உயரத்துக்கும் கியருக்கும் மணிக்கு பத்தில் ஓட்டினால் முழங்கால் வலிக்கும். ஐந்து மணி நேரத்தில் முடியும் தூரத்துக்கு ஒன்பது மணி நேரம் சீட்டில் உட்கார வேண்டும். அந்தத் தகர அலையில் கொஞ்சம் வேகம் இருந்தால்தான் கை தப்பிக்கும். அல்ஜபக்கினா பாலத்துக்கு முன்னாலேயே அந்த விதியைக் கைவிட்டோம். 15 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம், கடைசி ஆள் வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் முதல் ஆள் கிளம்பலாம், இதுதான் மார்லா வரை ஓடியது. நீங்களே கிலோமீட்டர் பார்த்துச் சொல்வீர்கள்.

கடைசியாக, மாமா அன்று ராத்திரி பேசாததற்கு நாங்கள் காரணமா, டயர் காரணமா என்று மாமாவிடமே கேளுங்கள்.

மற்றபடி அந்தப் பாலம்! 578 மீட்டர், ஒரு காலத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவிலேயே நீளமான ரயில் பாலம், இப்போது ரயிலே வராது. அதன் கீழே நீர்க்குட்டையோரம் படுத்த ராத்திரிக்காக இன்னொரு தடவை எதிர்காற்றில் ஓட்டுவேன்.

செம்மண்_சக்கரம்

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. 15 கிலோமீட்டர் விஷயம் உண்மை, சுருக்கி எழுதிவிட்டேன். ஆனால் ரேடியோ? என் பையில் இருந்தது கைரேடியோ. 18 கிலோமீட்டருக்கு அது எட்டாது. நானும் கூப்பிட்டேன்.

உப்புஏரி (போர்ட் அகஸ்டா)

எட்டாதுதான். தட்டை நிலம் என்றாலும் கைரேடியோ என்றால் சில கிலோமீட்டர், அவ்வளவே. யார் யாரை விட்டுப் போனார் என்பது கிடக்கட்டும், எனக்கு இடிப்பது வேறு. வண்டி இருக்கும் இடமும் தண்ணீர் இருக்கும் இடமும் ஒன்று. அது ஏன் ஆட்களை விட்டுத் தூரமாக இருந்தது?

அந்தப் பக்கம் வேலைக்காக நிறையப் போய் வந்தவன். 1998 டிசம்பரில் நடந்தது இன்னும் பேசுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த இருவரின் வண்டி ஏரியோரம் ஹாலிகன் விரிகுடாவில் மணலில் சிக்கியது. ஒருவர் அங்கேயே தங்கினார், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தது, பிழைத்தார். உதவி தேடி வில்லியம் க்ரீக் நோக்கி நடந்த பெண் வழியிலேயே இறந்துபோனார். அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. வண்டியை விட்டுப் போகாதே என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். ஜூலை என்பதால் உங்களுக்கு மன்னிப்பு கிடைத்தது.

ஆளுக்கு நாலு லிட்டர் சைக்கிளிலேயே இருக்க வேண்டும், வண்டி கூடவே வந்தாலும். எடை, எடை என்று அழுதால் அழட்டும். செயற்கைக்கோள் அவசர பீக்கன் ஒன்று கடைசி ஆளின் பையில், முதல் ஆளிடம் இல்லை. நாற்பது கிலோமீட்டரில் சாப்பாடு என்று காலையில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்யலாம், காற்றைப் பார்த்தபின் மாற்ற வேண்டும்.

கோவை_பெடல்

நாலு லிட்டரா! எழுதி வைத்துக்கொண்டேன் ஐயா.

பின்வண்டி_அக்கா

வண்டி ஓட்டினது நான்தான். நான் இதிலே எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். உப்புஏரி ஐயா கேட்ட கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

அன்று காலை பதினைந்தாவது கிலோமீட்டர் வரைக்கும் நான் பின்னால்தான் வந்தேன், ஊர்ந்து ஊர்ந்து. மாமாவுக்குப் பின்னால் இருபது மீட்டரில். அப்போது செம்மண் தம்பி திரும்பிக் கையை ஆட்டினார். நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். 'அக்கா, பின்னாலே ஆம்புலன்ஸ் மாதிரி வராதீங்க, நாங்க என்ன நோயாளிகளா? முன்னால போய் சாப்பாட்டைப் பாருங்க' என்று சொன்னார். சொன்னது ஞாபகம் இருக்கா தம்பி? நான் முப்பது வருஷம் நர்ஸாக வேலை செய்தவள், எனக்கு ஆம்புலன்ஸ் என்றால் அவமானம் இல்லை. ஆனாலும் நீங்கள் சொன்னீங்கள், போனேன். போயிருக்கக்கூடாது, அது என் பிழை.

முன்னால் மூன்று பேரும் வந்த பிறகு, திரும்பிப் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். 'அண்ணனுக்குப் பிடிக்காது' என்று சொன்னார்கள். அதனால் எல்லோரும் அங்கே நின்றோம், ஒருவருக்கும் பிடிக்காதது நடக்கக்கூடாது என்று. கேரவன் ஆட்கள் வந்து சொன்ன பிறகுதான் வண்டியைத் திருப்பினேன்.

மாமா பேசாமல் இருந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும், வண்டியில் வரும்போது சொன்னார். அவருக்கு முதல் நாளே வண்டியில் ஏறி இருக்க வேண்டும் போல இருந்ததாம். ஏறினால் 'முழுசாக முடிக்கவில்லை' என்று ஆகிவிடும் என்று ஏறவில்லையாம். அன்று கடைசி ஐம்பது கிலோமீட்டர் வண்டியில் வந்ததை ஏழு பேரில் ஒருவரும் இதுவரைக்கும் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன். அது மாமாவின் விருப்பம் என்றால் சரி. கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அவருக்கு ஆட்சேபணை இல்லை.

மூணாவது_கியர்

அக்கா, 'அண்ணனுக்குப் பிடிக்காது' என்று சொன்னது நான்தான்.

வடக்குவாசல்

அடுத்த பதிவு வரும் வரை காத்திருக்கிறேன். தேநீர் ஊற்றியாகிவிட்டது.

செம்மண்_சக்கரம்

இரண்டு நாள் கழித்து வருகிறேன்.

அக்கா சொன்னது அப்படியே நடந்தது. மறந்தேன் என்று சொல்லலாம், மறக்கவில்லை. முதல் பதிவில் 'வண்டியும் முன்னால் போய்விட்டது' என்று எழுதினேன் பாருங்கள், அந்த வரியை மூன்று தடவை அடித்து எழுதினேன். வண்டி தானாகப் போன மாதிரி வரும்வரை.

அன்று ஏன் கையை ஆட்டினேன் என்றால், மாமாவுக்காக இல்லை. வண்டியின் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கும்வரை ஒவ்வொரு நிமிடமும் 'ஏறிவிடலாமா' என்று தோன்றியது. எனக்குத்தான் தோன்றியது. போகச் சொல்லிவிட்டால் தோன்றாது என்று நினைத்தேன். மாமாவும் அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினார் என்பது இப்போதுதான் தெரிகிறது. பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு இருவரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தபோது மாமா ஏற்கெனவே வெளியே நாற்காலியில். காற்று நின்றிருந்தது. தென்கிழக்கில் அகத்தியர் நட்சத்திரத்தைக் காட்டினார். ஊரில் அவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெற்கே தாழ்வாகத் தெரியுமாம், இங்கே அது கழுத்தைத் தூக்கிப் பார்க்கும் உயரத்துக்கு ஏறுமே என்றார். அதுதான் அவர் பேசிய முதல் பேச்சு. ஐம்பது கிலோமீட்டர் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நேற்று அவரிடம் பேசினேன். முடித்தேனா இல்லையா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். '570 கிலோமீட்டர் ஓட்டினேன் என்று சொல்வேன், உனக்கு என்ன?' என்றார்.

தம்பி, முதல் பதிவில் இருக்கும் கேள்வியை இனி நீங்கள் ஒருவரும் பதில் சொல்லி நிரப்ப வேண்டாம். கோவைத் தம்பிக்கு மட்டும்: வண்டி கடைசி ஆளுக்குப் பின்னால். யார் கை ஆட்டினாலும்.

பின்வண்டி_அக்கா

சரி தம்பி. அடுத்த வருஷம் மேற்கு ஆஸ்திரேலியாவில் கிப் ரிவர் ரோடு என்று மாமா சொல்கிறார், 660 கிலோமீட்டர், வழியில் ஆறுகளைக் கடக்க வேண்டுமாம். நான் வருவேன். ரேடியோ பெரிது வேண்டும், கண்ணாடியை இறக்கமாட்டேன்.

அப்புறம், என் நீலப் பிளாஸ்க்கின் மூடி யாரிடம் இருக்கிறது?

செம்மண்_சக்கரம்

என்னிடம்தான் அக்கா. நாலு தடவை கழுவிவிட்டேன், திருகு மரையில் மட்டும் இன்னும் சிவப்பாக இருக்கிறது.